இடது பக்கத்து நட்டு

அதியமான்கோட்டையில் சந்திரமோகனைக் கேலி செய்யாத தெரு கிடையாது. பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போட்டு, வால்வைத் திறந்து மூடுவது அவர் வேலை. மூடிவிட்டு வீட்டுக்கு வருவார். செருப்பைக் கழற்றுவதற்குள் சந்தேகம் வந்துவிடும். உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு திரும்ப ஓடுவார். போய்ப் பார்த்தால் வால்வு ஒழுங்காக மூடித்தான் இருக்கும். பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட அது திறந்து கிடந்ததில்லை. அதற்காக மனுஷன் திருந்தினாரா என்றால், அதுதான் இல்லை.

இந்தச் சந்தேகத்தால் அதிகம் பாடுபட்டவள் அவர் மனைவி காசியம்மாள். ஒருமுறை அவள் தம்பி கல்யாணத்துக்குப் போக மொரப்பூர் ஸ்டேஷன் வரை போய்விட்டார்கள். அங்கே போய், கேஸை மூடினோமா என்று இவருக்கு வந்துவிட்டது. திரும்பி வந்து பார்த்தார்கள். கேஸ் மூடியிருந்தது, ரயில்தான் போய்விட்டது. அன்றைக்குக் காசியம்மாள் பேசிய பேச்சை இங்கே எழுதினால் நன்றாக இருக்காது.

அப்படிப்பட்டவருக்கு இந்த ஐப்பசியில் நிஜமாகவே பயப்பட ஒரு காரணம் வந்தது. சேலத்தில் கட்டிக்கொடுத்த ஒரே மகள் கலைமதி உண்டாகியிருந்தாள். முன்னே இரண்டு தடவை மூன்றாம் மாசம் தாண்டாமல் போன வயிறு. இந்தத் தடவை ஏழாம் மாசம் வரை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வளைகாப்பு. அன்றைக்கே பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். பஸ்ஸில் குலுங்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வாடகைக் கார் வைக்கலாம் என்றாள் காசியம்மாள். "எவன் எப்படி ஓட்டுவானோ. எம் புள்ளைய நானே ஓட்டிக் கூட்டியாறேன்" என்று இவர் ஒற்றைக்காலில் நின்றார். மச்சானிடம் வாங்கிய பழைய வெள்ளைக் கார் ஒன்று வாசலில் நின்றது.

அந்தக் கார் கொஞ்ச நாளாக நேராகப் போக மறுத்தது. ஸ்டியரிங்கில் அரை விரல் ஆட்டம். மெக்கானிக் குமார் சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் டை ராடு எண்ட் போயிடுச்சுங்கண்ணா. கை நெறைய வேல கெடக்குது, சனிக்கிழமைதான் ஆவும்" என்றான். வளைகாப்பு வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை செய்து என்ன பிரயோசனம்? தானே மாட்டிவிடலாம் என்று கடையில் இரண்டு உருப்படியையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்தக் காலத்தில் பாலக்கோட்டுத் தக்காளி டெம்போ ஓட்டியவர். வழியில் படுத்த வண்டிக்கு அடியில் தானும் படுத்தே பாதி வேலை கற்றவர்.

ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்புகிறதல்லவா, அந்தத் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற கம்பியின் நுனிதான் இந்த டை ராடு எண்ட். அதைப் பிடித்து வைப்பது ஒரே ஒரு நட்டு. நட்டு கழலாமல் இருக்க அதன் குறுக்கே ஒரு பின்னைச் செருகி, வாலை மடக்கிவிட வேண்டும். நட்டு கழன்றுவிட்டால் ஸ்டியரிங் ஒரு பக்கம் போகும், சக்கரம் ஒரு பக்கம் போகும்.

வியாழக்கிழமை லீவு போட்டுக் காலையிலேயே ஆரம்பித்தார். வலது பக்கம் அழகாக முடிந்தது. பழையது எத்தனை சுற்றில் கழன்றதோ அத்தனை சுற்று எண்ணிப் புதியதை ஏற்றினார். நட்டை இறுக்கி, பின்னைச் செருகி, மடக்கி, மூன்று தடவை தொட்டும் பார்த்துக்கொண்டார். இடது பக்கம்தான் உயிரை எடுத்தது. ஒரே துரு. மண்ணெண்ணெய் ஊற்றி, சுத்தியால் அடித்து, கெட்ட வார்த்தையும் சொல்லிப் பார்த்த பிறகு ஒரு மணிக்குத்தான் கழன்றது. அவர் புதியதைப் பொருத்தும்போது காசியம்மாள் நாலு எலுமிச்சம்பழமும் சூடமுமாக வந்து நின்றாள்.

"ஏங்க, ஒண்ணரைக்கு ராகு காலம். அதுக்குள்ள சக்கரத்த மாட்டி, பழத்து மேல ஏத்தி எறக்கிடணும். நாளைக்கு நல்ல காரியத்துக்குப் போற வண்டி."

"தோ ஆச்சு."

"ஆச்சு ஆச்சுன்னு காலையிலருந்து சொல்றீங்க. மணி ஒண்ணு இருவது!"

நட்டை இறுக்கினார். பின்னைச் செருகுகிற ஓட்டை நேராக வரவில்லை. இன்னும் கால் சுற்று வேண்டும். பின்னைப் பல்லில் கடித்துக்கொண்டு ஸ்பேனரை எடுத்தார். "ஒண்ணு இருவத்தஞ்சுங்க!" என்றாள் காசியம்மாள். அப்புறம் நடந்ததெல்லாம் ஒரே ஓட்டம். சக்கரம் ஏறியது, ஜாக்கி இறங்கியது, சூடம் எரிந்தது, எலுமிச்சம்பழம் நாலும் நசுங்கின. ராகு காலம் வர ஒரு நிமிஷம் பாக்கி இருந்தது. காசியம்மாளுக்கு ஏகத் திருப்தி.

சாயங்காலம் காபி குடிக்கும்போது இவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பின்னைப் பல்லில் கடித்தது நினைவிருக்கிறது. செருகியது? வாலை மடக்கியது? யோசித்து யோசித்துப் பார்த்தார், அந்த இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனவரைக் காசியம்மாள் மறித்தாள்.

"சூடம் காட்டுன வண்டிங்க அது. இனிமே ஸ்பேனரு, சுத்தின்னு கை வெச்சீங்க, நடக்கறதே வேற."

"கை வெக்கல காசி. பாக்க மட்டுந்தான்."

"பாப்பீங்க, அப்பறம் கழட்டுவீங்க. தொட்டி வால்வு மாதிரிதான் இதுவும். கேஸு மூடித்தான இருந்துது? நாளைக்கி ஒரு நாளு வழியில எங்கயும் நிக்காம, திரும்பாம ஓட்டறேன்னு சொல்லுங்க. நம்ம புள்ளைக்காவ."

புள்ளைக்காக என்றதும் டார்ச்சை அணைத்தார். சரி என்றார். அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. ஆயிரம் தடவை சந்தேகப்பட்டு ஆயிரம் தடவையும் எல்லாம் சரியாகவே இருந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குக் கிளம்பினார்கள். சொந்தபந்தமெல்லாம் வேனில் முன்னால் போய்விட்டது. காரில் இவர்கள் இருவரும், டிக்கியில் பதினோரு சீர்த் தட்டும் ஐந்து வகைச் சோற்றுத் தூக்குகளும். பட்டுப்புடவையில், தலை நிறைய மல்லிகையோடு காசியம்மாள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். இவர் காதெல்லாம் இடது பக்கச் சக்கரத்தில் இருந்தது.

டோல்கேட்டுக்கு முன்னால் ஒரு சத்தம். டக். இன்னொன்று. டக், டக்.

"அது தட்டுங்க" என்றாள் அவள், அவர் கேட்பதற்கு முன்பே.

இருக்கலாம். தட்டாகவே இருக்கட்டும் சாமி என்று வேண்டிக்கொண்டார். டோல்கேட் தாண்டினால் தொப்பூர் கணவாய். லோடு லாரிகளே பிரேக் பிடிக்காமல் உருளுகிற இறக்கம் அது. அதில் இறங்க வேண்டும். திரும்பும்போது அதே வழியில் மகளை உட்காரவைத்து ஏற வேண்டும். இரண்டு முறை ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் அழுத அழுகை இவர் காதில் கேட்டது. இறக்கம் ஆரம்பிக்கும் முன் வண்டியை ஓரங்கட்டிவிட்டார்.

"என்னாங்க இது?" காசியம்மாள் குரல் உடைந்தது. "ஒரு நாளு. ஒரே ஒரு நாளு கேட்டேன்!"

"நீ என்ன வேணா திட்டு காசி. எனக்கு ஓட்ட முடியல."

"போங்க. போய்ப் பாருங்க. நல்லா பாருங்க. நான் பஸ்ஸுல போயிக்கறேன்."

ஸ்டியரிங்கை ஒடித்து வைத்துவிட்டு இறங்கினார். வெள்ளை வேட்டியோடு தாரில் மண்டியிட்டு இடது சக்கரத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் எழுந்திருக்கவில்லை. லாரிகள் காதைக் கிழித்துக்கொண்டு போயின. கதவைத் திறந்து இறங்கிய காசியம்மாள், மனுஷனுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பக்கத்தில் குனிந்தாள்.

பின் இல்லை. கடைசி இறுக்கும் விழவில்லை. கழன்று கழன்று வந்த நட்டு, மரையின் நுனியில் இரண்டு சுற்றில் நின்றுகொண்டிருந்தது. இவர் விரலால் தொட்டார். ஸ்பேனர் வேண்டியிருக்கவில்லை, விரலுக்கே சுழன்றது.

"இதுவா?" என்றாள்.

"இதுதான்."

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவர் சந்தேகம் ஜெயித்திருக்கிறது. அதைச் சொல்லிக் காட்ட வாய் வரவில்லை. பிசகு செய்ததும் அவர் கைதானே! ஸ்பேனரை எடுத்து, ஓட்டை நேராக வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இறுக்கினார். விட்டுப்போன பின் நேற்றைய அழுக்குச் சட்டைப் பையில் கிடக்கும், இல்லையென்றால் வாசல் மண்ணில் கிடக்கும். குறுக்கே செருக ஒரு கம்பி கிடைக்குமா என்று டூல் பையைத் துழாவினார். காசியம்மாள் மல்லிகைச் சரத்துக்குள் கையை விட்டு ஒரு கொண்டை ஊசியை உருவினாள்.

"இது ஆவுமா?"

செருகினார். போனது. குறட்டால் வாலை மடக்கினார். பிடித்து இழுத்துப் பார்த்தார். அவளும் குனிந்து இழுத்துப் பார்த்தாள். கணவாயை மெதுவாக உருட்டியே இறங்கினார்கள். சேலத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்ட ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சரியான பின் வாங்கிப் போட்டார்கள். இதில் நல்ல நேரம் பாதி போய்விட்டது, சம்பந்தியம்மாள் முகம் சுளித்தாள். எப்போதும் இந்த இடத்தில் புருஷனைக் காட்டிக்கொடுக்கும் காசியம்மாள், "வண்டியில சின்ன வேலைங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

இரண்டு மணிக்கு, இரண்டு கையிலும் வளையல் குலுங்க, கலைமதி பின் சீட்டில் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தாள். தொப்பூர் நெருங்க நெருங்கச் சந்திரமோகனுக்கு மறுபடி ஆரம்பித்துவிட்டது. புதுப் பின்தான். தன் கையால் மடக்கியதுதான். இருந்தாலும்? கேட்க வெட்கமாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார்.

ஏற்றத்துக்கு முன்னால், "வண்டிய நிறுத்துங்க" என்றாள் காசியம்மாள்.

நிறுத்தினார். அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"அம்மா எங்கப்பா போவுது?" என்று மகள் கேட்டாள்.

பட்டுப்புடவையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, இடது சக்கரத்துக்குப் பின்னால் காசியம்மாள் மண்டியிட்டாள். பார்த்தாள். எழுந்து இரண்டடி வந்தாள். என்ன தோன்றியதோ, திரும்பிப் போய் இன்னொரு தடவை பார்த்தாள்.