காப்பி உருண்டைக்கு வந்த ஆர்டர்கள்

வீட்டிலிருந்தே இனிப்பு செய்து விற்கிறவளுக்கு முதலாளி கிடையாது என்பார்கள். எனக்கோ வாட்ஸ்அப்பில் இருக்கிற அத்தனை பேரும் முதலாளிதான். கிள்ளானில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த லோரிக் கம்பெனியை மூடியதும், அடுத்த வேலை கிடைக்கிறவரைக்கும் என்று காப்பி உருண்டை உருட்ட ஆரம்பித்தேன். அந்த அடுத்த வேலை இன்னும் வந்து சேரவில்லை.

செய்முறையில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பிஸ்கட்டைப் பொடித்து, டின் பால், வெண்ணெய், கெட்டியாகக் கலந்த கடுங்காப்பி சேர்த்துப் பிசைந்து, உருட்டி, கொக்கோப் பொடியில் புரட்டி, பிரிட்ஜில் வைத்தால் முடிந்தது. அடுப்பு, ஓவன் எதுவும் வேண்டாம். இங்கிலீஷில் 'ட்ரஃபிள்' என்று சொன்னால் மதிப்பாக இருக்கும் என்றார் என் கணவர் சேகரன். பாதிப் பேர் 'டிரபிள்' என்றுதான் ஆர்டர் கொடுக்கிறார்கள். இதே பிழைப்பில் இருக்கும் சகோதரிகளே, நான் அவர்களைத் திருத்துவதில்லை.

காப்பி வேண்டாம்

டெங்கிலிலிருந்து ஓர் அக்கா, மகனின் பிறந்தநாளுக்குக் கேட்டார். முதல் குரல் செய்தி: "பிள்ளைங்க சாப்பிடுறது, காப்பி போடாதீங்க." அடுத்தது: "இனிப்பும் ரொம்ப வேணாம்." அதற்கடுத்து, கொக்கோப் பொடி சட்டையில் ஒட்டுமாம், அதுவும் வேண்டாமாம். மிஞ்சியது பிஸ்கட்டும் வெண்ணெயும்தான். 'அக்கா, நீங்க பேசாம ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிக்கலாமே' என்று எழுதி, அழித்துவிட்டு, 'சரிக்கா' என்று அனுப்பினேன். விருந்து முடிந்த மறுநாள் காலையில் இன்னொரு குரல் செய்தி வந்தது: "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு தங்கச்சி, ஆனா காப்பி உருண்டைன்னு சொல்றீங்க, காப்பி வாசமே இல்லையே லா."

காப்பாருக்குப் போன பெட்டி

'வாங்கியதும் பிரிட்ஜில் வைக்கவும்' என்று பெட்டியின் மேலேயே ஒட்டியிருக்கிறேன். வாயாலும் சொன்னேன். காப்பாரிலிருந்து வந்து வாங்கிய பெண் நன்றாகத் தலையாட்டினாள். பிறகு பெட்டியை மோட்டார் சைக்கிள் கூடையில் போட்டுக்கொண்டு, பாசாரில் மீன் வாங்கி, தையல்கடையில் ரவிக்கைக்கு அளவு கொடுத்து, தோழி வீட்டில் மத்தியானச் சாப்பாட்டையும் முடித்துவிட்டு, சாயந்திரமாகக் காப்பாருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறாள். நம் ஊர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படம் அனுப்பினாள். உருண்டைகள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து ஒரே பலகையாகக் கிடந்தன. படத்துக்குக் கீழே எழுதியிருந்தாள்: "அக்கா, நான் உருண்டைதானே கேட்டேன், நீங்க ஏன் கேக் அனுப்பிருக்கீங்க?"

லிம் ஆன்டியின் பிரிட்ஜ்

செமினியில் சாந்தா அக்கா தன் மகள் நிச்சயதார்த்தத்துக்குக் கேட்டதுதான் எனக்கு வந்த முதல் பெரிய ஆர்டர். எல்லாம் உருட்டிப் பெட்டியில் அடுக்கியாயிற்று. விசேஷத்துக்கு முதல்நாள் சாயந்திரம் என் பிரிட்ஜ் ஒரு முனகு முனகிவிட்டு நின்றது. பக்கத்து வீட்டு லிம் ஆன்டி பின்கட்டில் இன்னொரு பிரிட்ஜ் வைத்திருக்கிறார். ஓடிப்போய்க் கேட்டேன். "தாப்பா லா, பரவால்ல, உள்ள வை" என்று கதவைத் திறந்துவிட்டார். இருட்டும் அவசரமுமாக அடுக்கிவிட்டு வந்தேன்.

காலையில் பெட்டிகளை எடுக்கும்போதுதான் தெரிந்தது, கீழ்த்தட்டு முழுக்க, வீட்டையே தூக்குகிற நாற்றத்தோடு டுரியான் பழச் சுளை. என் உருண்டைகள் ராத்திரி முழுக்க அதை முகர்ந்துகொண்டே படுத்திருக்கின்றன. மறுபடி செய்ய நேரம் இல்லை. செமினி போகிற வழியெல்லாம் நானும் சேகரனும் காரின் கண்ணாடியை இறக்கிவிட்டபடியே போனோம். மண்டபத்தில் சாந்தா அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னாடி என் மானத்த வாங்கிட்டியே" என்று அவர் கண் கலங்கினார். பெட்டிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று திரும்பினால், மாப்பிள்ளையின் பெரியப்பா அதில் ஒன்றைப் பிரித்துவிட்டு, வாய் நிறைய மென்றபடி தன் தம்பியைக் கைகாட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பூ வைத்து முடிப்பதற்குள் பெட்டிகள் காலி.

கதை அதோடு முடிந்திருந்தால் நான் ஏன் புலம்பப் போகிறேன்? இப்போது அந்த இரண்டு குடும்பமும் டுரியான் உருண்டைதான் கேட்கிறது. சுளையை அரைத்துப் போட்டுப் பார்த்தேன், 'அன்னிக்கு மாதிரி இல்லை' என்றார்கள். எசன்ஸ் போட்டேன், மருந்து வாடை என்றார்கள். கடைசியில் சாந்தா அக்காவே போன் போட்டார்: "நீ ஒண்ணும் புதுசா செய்ய வேணாம்மா, அன்னிக்கு எந்த பிரிட்ஜ்ல வச்சியோ, அதே பிரிட்ஜ்ல வச்சிக் கொண்டுவந்து குடு."

இன்னும் கசப்பாக

பிரிக்பீல்ட்ஸில் ஓர் அங்கிள், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் பெட்டியை வாங்கிப் போனவர், மறுநாளே கூப்பிட்டு, "கசப்பு போதலம்மா" என்றார். அடுத்த தடவை காப்பியைக் கூட்டினேன். "இன்னும் கொஞ்சம் கசப்பா வேணும்." வாங்குகிறவர்களெல்லாம் இனிப்பைக் குறைக்கச் சொல்வதோடு விட்டுவிடுகிறார்கள், இவருக்கு மட்டும் என்ன கேடு என்று எரிச்சலாக வந்தது. மூன்றாவது தடவை, வீம்புக்கு, டின் பாலை ஒப்புக்குத் தொட்டு, காப்பித் தூளைக் கை நிறைய அள்ளிப் போட்டேன். ருசி பார்த்த சேகரன் நேராகத் தொட்டிக்கு ஓடித் துப்பினார். அதையே பெட்டியில் போட்டு அனுப்பினேன். இதோடு இவர் தொல்லை ஒழிந்தது என்றுதான் நினைத்தேன்.

சாயந்திரமே போன். திட்டத்தான் போகிறார் என்று தயாராக எடுத்தேன். அவரோ தன் வீட்டுக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். மனைவிக்குப் பெரிய சிகிச்சை நடந்திருக்கிறது. அதற்குப் பிறகு நாக்கில் ருசி என்பதே போய்விட்டதாம். எதைக் கொடுத்தாலும் காகிதத்தை மெல்கிற மாதிரி மென்றுவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவாராம். காப்பிப் பிரியை என்பதால், காப்பிக் கசப்பாவது நாக்கில் உறைக்குமா என்று இவர் விடாமல் முயன்றிருக்கிறார். நான் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் சொன்னார்: "வாயில வச்சதும் மூஞ்சியச் சுளிச்சாம்மா! 'இந்தக் கசப்புக் கசக்குதே, எந்தப் புண்ணியவதி செஞ்சா'ன்னு என்னையத் திட்டிக்கிட்டே இருக்கா!"

இப்படி எப்போதாவது வந்து சேர்கிற ஒரு நல்ல திட்டுக்காகத்தான், மற்ற எல்லோருடைய யோசனைகளையும் பொறுத்துக்கொண்டு இன்னும் உருட்டிக்கொண்டிருக்கிறேன்.