அறுபது பேர் கையைத் தூக்கிய ஆட்டம்

பெண்கள் டென்னிஸை நான் நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவை. பார்த்தேன் என்று சொல்வதுகூடக் கொஞ்சம் அதிகம். பந்து கடைசிவரை என் கண்ணில் படவே இல்லை.

சென்னையில் வெளிநாட்டுப் பெண்கள் வந்து, சாயம் பூசிய சிமெண்ட் தரையில் ஆடும் போட்டி அது. கார் உதிரிபாகம் செய்யும் எங்கள் கம்பெனி அந்த வருடம் ஆடுகளத்தை ஒட்டி ஒரு விளம்பரப் பலகை வைத்திருந்தது. முதல் நாள் ஆட்டத்தை டிவியில் பார்த்த பெரிய அதிகாரி யாரோ, பலகை நன்றாகத் தெரிகிறது, அதன் பின்னால் ஒரு ஈ காக்கா இல்லையே என்று வருத்தப்பட்டாராம். மறுநாள் மதியம் ஷிஃப்ட் முடித்து வெளியே வந்த பெண்கள் அறுபது பேரை இரண்டு பஸ்களில் ஏற்றிவிட்டார்கள். யூனிஃபார்மைக் கழற்றக் கூடாது, சாப்பாட்டுப் பொட்டலம் உண்டு, ஓ.டி.யாக, அதாவது ஓவர்டைமாகக் கணக்கு வைக்கப்படும். டென்னிஸ் பார்க்க ஓ.டி. வாங்கியவர்கள் ஒரகடம் தொழிற்பேட்டையில் எங்களைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள்.

எனக்கு அன்றைக்கு எதையும் ரசிக்கிற மனநிலை இல்லை. நான் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, இருங்காட்டுக்கோட்டையில் நாலு பேரோடு ஒரு அறையில் இருந்துகொண்டு, இரண்டு வருடமாகச் செக்கிங்கில் ட்ரெய்னியாக வேலை செய்துகொண்டிருந்தேன். என்னோடு சேர்ந்த மூன்று பேருக்கும் நிரந்தர ஆர்டர் வந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. எனக்கு மட்டும் வரவில்லை. தை பிறப்பதற்குள் வராவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடு, சிவகாசியில் ஒரு மாப்பிள்ளை இருக்கிறார் என்று அப்பா சொல்லியிருந்தார். மாப்பிள்ளை மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. முதல் தடவையாக என் பெயரில் ஒரு பாங்க் புத்தகம் இருந்தது, அதை மூடிவைத்துவிட்டுப் போக மனசு வரவில்லை.

ஆர்டர் ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தூரப் பார்வை கிடையாது. பத்தடிக்கு அப்பால் இருக்கிற எதுவும் எனக்கு ஒரு கலங்கல். கண்ணாடி போட்டவர்களைச் செக்கிங்கில் வைக்க மாட்டார்கள், பேக்கிங்குக்கு அனுப்பிவிடுவார்கள் என்று ஹாஸ்டல்களில் ஒரு பேச்சு இருந்தது. அப்படியொரு விதியே கிடையாது என்பது எங்களுக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதுவரை நான் வாயைத் திறக்கவில்லை. கிட்டத்தில் என் கண் பிரமாதம். கார் கதவின் கைப்பிடியில் பெயிண்டுக்கு அடியில் ஒரு தூசி இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன்.

எங்கள் லைன் லீடர் அக்காவுக்கு அது கண்டிப்பாகத் தெரிந்திருக்கும் என்பது என் பயம். அவர் பக்கத்திலேயே இருக்கிற பிள்ளைப்பாக்கத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர், லைனில் எல்லோருக்கும் அவர்மேல் மரியாதை கலந்த நடுக்கம். சந்தேகமான கைப்பிடி வந்தால் என்னிடம் நீட்டி, நீ சொல்லு என்பார். என் கண்ணைச் சோதிக்கிறார் என்று நினைத்து நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துச் சொல்வேன்.

செக்கிங்கில் நாங்கள் வேலை செய்கிற முறையைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். சொன்னாலும் அப்படித்தான் தெரியும், அது வேறு விஷயம். ஒவ்வொரு இடத்தையும் விரலால் சுட்டிக்காட்டி, வாய்விட்டு ‘ஓகே’ என்று சொல்ல வேண்டும். மனசுக்குள் சொல்லக் கூடாது. குறை இருந்தால் கையை நீட்டி ‘என்.ஜி.’ என்று உரக்கச் சொல்ல வேண்டும், அதாவது சரியில்லை. ஒருத்தி அப்படிச் சொன்னால் லைன் நின்றுவிடும். லைனில் இருக்கிற அத்தனை பேரும் எழுந்து நின்று, இரண்டு கைகளையும் தூக்கிக் காட்ட வேண்டும். யார் கையும் பொருள் மேல் இல்லை என்பதற்கு அது அத்தாட்சி.

மைதானத்தில் எங்களை லைனில் இருக்கிற வரிசைப்படியே உட்கார வைத்தார்கள். அப்படி வைத்தால்தான் எண்ணுவதற்கு வசதி. லீடர் அக்கா டிக்கெட்டை என்னிடம் கொடுத்து நம்பர் பார்க்கச் சொன்னார். பிறகு என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். ஆட்டம் நடக்கும்போது பேசக் கூடாது, பாயிண்ட் முடிந்ததும் கை தட்ட வேண்டும் என்று கூட வந்திருந்த எச்.ஆர். மேடம் விளக்கினார். யாருக்கும் புரியவில்லை. அக்கா எழுந்து எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். “பந்து போய்க்கினு வந்துகினு இருந்தா மெஷின் ஓடுதுன்னு வெச்சிக்கோங்க. நின்னா தட்டுங்க.”

ஆட்டம் தொடங்கியது. கீழே இரண்டு கலங்கலான பெண்கள் காரணமில்லாமல் அங்குமிங்கும் ஓடினார்கள், காரணமில்லாமல் முனகினார்கள், திடீரென்று கோபித்துக்கொண்டு திரும்பி நடந்தார்கள். அறுபது கழுத்துகள் இடமும் வலமும் திரும்பின. என் கழுத்தும் அரை நொடி தாமதமாகத் திரும்பியது. அவுட் என்று ஒரு குரல் அடிக்கடி கேட்டது. கத்துவது யார் என்று தேடினோம். ஆள் யாருமில்லை, மெஷின் சொல்கிறது என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். ஒரு செக்கிங் வேலை போச்சு என்று பெருமூச்சு விட்டாள் என் வலது பக்கத்துப் பெண்.

லீடர் அக்காவுக்கு ஆட்டம் பிடித்துவிட்டது. ஒவ்வொரு பந்தும் விழ விழ எனக்கு மட்டும் கேட்கும்படி “உள்ள”, “வெளிய” என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு உயிர் வந்தது. அவர் உள்ள என்றதும் என்னை அறியாமல் விரல் நீண்டு, வாய் ‘ஓகே’ என்றது. இரண்டு வருடப் பழக்கம். எனக்கு அடுத்தவளும் செய்தாள். கொஞ்ச நேரத்தில் வரிசை முழுக்க விரலை நீட்டி முணுமுணுத்துக்கொண்டிருந்தது. டிவி கேமரா எங்கள் பக்கம் திரும்பியது. விளம்பரப் பலகையும் சேர்ந்து தெரியும் என்று எச்.ஆர். மேடத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அப்புறம் ஒரு பந்து வந்தது. நீளமான ஆட்டம், மைதானமே மூச்சு விடாமல் இருந்தது. அக்கா என் தொடையைப் பிடித்துக்கொண்டு, போச்சு, வெளிய என்றார். நான் கையை நீட்டி, எங்கள் ஷெட்டில் கம்ப்ரஸர் சத்தத்தையும் தாண்டிக் கேட்கிற குரலில் ‘என்.ஜி.’ என்றேன்.

அறுபது பேர் எழுந்து நின்று இரண்டு கைகளையும் தூக்கினார்கள்.

கீழே எங்கள் பக்கம் ஆடிக்கொண்டிருந்த பெண் மட்டையை இறக்கிவிட்டாள். மெஷின்தான் கத்தியது என்று நினைத்திருக்கிறாள். மெஷினோ வாயே திறக்கவில்லை, ஏனென்றால் பந்து கோட்டின் மேல் விழுந்திருந்தது, கோட்டில் பட்டால் உள்ளே என்றுதான் கணக்காம். பாயிண்ட் எதிராளிக்குப் போனது. அந்தப் பெண் நடுவரிடம் போய் எங்களைக் கைகாட்டி முறையிட்டாள். நடுவர் திரும்பிப் பார்த்தபோது நாங்கள் இன்னும் கையைத் தூக்கியபடியே நின்றோம். லீடர் சொல்லாமல் கையை இறக்கக் கூடாது என்பதும் விதி. அந்தப் பெண்ணை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

எச்.ஆர். மேடம் படியிறங்கி வந்து, என்ன பார்த்துக் கத்தினாய் என்று கேட்டார். நான் அக்காவைப் பார்த்தேன். சரி, இப்போது யார் முன்னால் இருக்கிறார்கள், அதையாவது சொல் என்று பெரிய ஸ்கோர் போர்டைக் காட்டினார். அங்கே எனக்குத் தெரிந்தது ஒரு மஞ்சள் வெளிச்சம். அக்கா சொல்ல வாயெடுத்தார். மேடம் அவரை அடக்கி, கையிலிருந்த பெயர்ப் பட்டியலைக் கொடுத்து, இவள் நம்பர் எது என்று காட்டச் சொன்னார். அக்கா தாளைக் கண்ணுக்கு நேரே பிடித்தார். பிறகு தள்ளிப் பிடித்தார். இன்னும் தள்ளினார். தாள் முன்வரிசைப் பெண்ணின் தலைமேல் போய் நின்றது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கைப்பிடிகளை என்னிடம் நீட்டியதெல்லாம் சோதனையே இல்லை. அக்காவும் ஸ்கோர் போர்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். லைன் கோடியில் தொங்குகிற ப்ரொடக்‌ஷன் போர்டைப் படிக்கச் சொல்லி நான் ஏன் தினமும் அவரையே கெஞ்சினேன் என்பது அவருக்கும் அந்த நிமிடத்தில்தான் புரிந்திருக்க வேண்டும். மேடத்துக்கு மட்டும் எதுவும் புரியவில்லை. நாங்கள் பயந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார்.

“இவளோட அசெஸ்மெண்ட் ஃபார்மே மூணு மாசமா உங்ககிட்டேருந்து வரலக்கா. நாளைக்குக் காலையில என் டேபிள்ல இருக்கணும். இல்லன்னா இவள ரிலீவ் பண்ணிடுவாங்க” என்று சொல்லிவிட்டு, மைதானத்து ஆள் கூப்பிட மேலே போய்விட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். பூந்தமல்லி தாண்டியதும் டிபன் பையின் அடியிலிருந்து நாலு பக்க ஃபார்ம் ஒன்றை எடுத்தார். எட்டாக மடித்திருந்தது, மடிப்பெல்லாம் சாம்பார் கறை.

“மூணு மாசமாவாக்கா பையில வச்சிருந்தீய?” என்றேன்.

“பொடி எழுத்தா கீது. ஒண்ணும் தெரியல. வேற யார்கிட்டனா படிச்சு காட்டுன்னு குடுத்தா, எனக்குக் கண்ணு பூட்ச்சின்னு ஊரே பேசும். நா இன்னா படிக்கணும்னாலும் உங்கிட்டதான் குடுப்பேன். இது உன்னப் பத்தினது. உங்கிட்டயே எப்டி குடுக்கறது, சொல்லு.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. மூன்று மாதம் தூங்காமல் கிடந்தது நான், சிவகாசி மாப்பிள்ளையின் ஜாதகத்தை வாட்ஸப்பில் வாங்கியது நான். அதே நேரத்தில் சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டையும் விழுங்கிவிட்டு ஃபார்மை மூக்கருகே பிடித்துப் படிக்க ஆரம்பித்தேன். என்னைப் பற்றிய கேள்விகளை நானே கேட்டேன், அவர் யோசித்து ஐந்துக்கு எத்தனை என்று சொன்னார், நான் எழுதினேன். நேரம் தவறாமை, நாலு. கீழ்ப்படிதல், மூணு. அதற்காகச் சண்டை போட்டுப் பார்த்தேன், அவர் மசியவில்லை.

கடைசிக் கேள்வி, கூர்ந்து கவனிக்கும் திறன்.

“நாலு போடு. அஞ்சு போட்டா யார் எழுதுனதுன்னு கேப்பாங்க” என்றார் அக்கா.

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் நான் விரலை வைத்தேன். அவர் அதை ஒட்டிப் போட்டார். நான் ஐந்துதான் எழுதியிருந்தேன். அவருக்கு எங்கே தெரியப்போகிறது.