சாயங்கால நாற்றம்

எனக்கு மூக்கும் கூர்மை, நாக்கும் கூர்மை என்று என் கணவர் பல தடவை சொல்லிக் காட்டியிருக்கிறார். அதனால் பதுளையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில் சாக்கடைக் கான் நாற்றம் அடிக்கிறது என்று நான் சொன்னபோது, அவர் கைப்பேசியிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

விஷயம் என்னவென்றால், அந்த நாற்றம் எனக்கு மட்டும்தான் அடித்தது. புடவைக்கடை வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் குப்பென்று முகத்தில் அறையும். கோப்பைகளை சிங்கில் கழுவி, தேத்தண்ணீர் போட்டு முடிப்பதற்குள் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். டியூஷனிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு அவர் வரும்போது வீடு சுத்தமாக இருக்கும். "ஒனக்கு எல்லாமே நாறும்" என்பார். பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

பகலில் வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஆள், என் மாமனார். மாமியார் காய்ச்சலில் போன பிறகு, லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லய வரிசை வீட்டிலிருந்து எங்களோடு வந்து இருக்கிறார். அதிகம் பேசமாட்டார். "மாமா, ஏதும் நாத்தம் அடிச்சுதா?" என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே, புள்ள" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு. முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லத் தெரியாதவர்கள்தான் சுவரைப் பார்ப்பார்கள். அன்றைக்கே எனக்குச் சந்தேகம் விழுந்துவிட்டது.

சிங்குக்குக் கீழே ட்ரெப் என்று ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் திருகியிருக்கும். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கவேண்டும். அந்தத் தண்ணீர்தான் கான் நாற்றம் குழாய் வழியாக மேலே ஏறாமல் அடைத்துக்கொண்டிருக்கிறது. மாதம் ஒரு தடவை அதை நான்தான் கழற்றிக் கழுவுவேன். அடியில் பேசின் வைத்துத் திருகினால் தேயிலைச் சக்கையும் சோற்றுப் பருக்கையும் எண்ணெய்ப் பிசுக்குமாகக் கறுப்பாய்க் கொட்டும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, ரப்பர் வளையத்தைச் சரிபார்த்துப் பூட்டவேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கழற்றிப் பார்த்தேன். அடேயப்பா! குழந்தைக்குப் பால் ஆற்றிக் கொடுக்கலாம், அவ்வளவு சுத்தம். ஒரு சக்கை இல்லை. யாரோ தினமும் கழற்றித் தண்ணீரைக் கொட்டிவிடுகிறார்கள். யாரோ என்ன, யாரோ!

இந்த மனிதருக்கு இங்கே இருக்கப் பிடிக்கவில்லை, மருமகள் வைத்திருக்கும் வீடு நாறுகிறது என்று பேர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். அன்று கணவரோடு சண்டை. "ஒங்க தம்பி கொஞ்ச நாளைக்கு வெச்சிருக்கட்டுமே" என்றேன். அவர் வெளியே போய், லயத்தில் இருக்கும் தம்பிக்குப் போன் எடுத்தார். அடுத்த ஞாயிறு வந்து அப்பாவைக் கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டான் தம்பி.

அதோடு நான் விட்டிருக்கலாம். ஆனால் கையும் களவுமாகப் பிடிக்காமல் எனக்குத் தூக்கம் வருமா? வெள்ளிக்கிழமை கடையில் அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு, பின்கதவு வழியாக வந்தேன்.

மாமா சமையலறையில் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பேசின் நிறையத் தண்ணீர். கழற்றிய கிண்ணத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுதானா மாமா வேலை? வீட்ட நாறடிச்சு என்ன சாதிக்கப் போறீங்க?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை.

"நாத்தம் அடிக்கும்தான், புள்ள. நாத்தத்துல யாரும் சாகலையே" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ஒங்க அத்தைக்கு டெங்குன்னு ஆஸ்பத்திரியில சொன்னதும் சுகாதார ஐயா வந்து லயம் முழுக்கத் தேடுனாரு. ஒரு வீட்லயும் ஒண்ணும் இல்ல. கோழிக்குன்னு நான் தண்ணி வெச்ச சட்டியிலதான் கொசுப்புழு நெளிஞ்சிச்சு. என் கையால வெச்ச தண்ணி. இங்க பாத்தா வீட்டுக்குள்ளயே தண்ணி தேங்கி நிக்குது. சின்னவ இருக்கா."

அவர் கிண்ணத்தைத் துடைத்து என்னிடம் நீட்டினார்.

"நாளைக்கழிச்சு நான் போயிருவேன். அப்புறம் நீதான் இத தெனமும் கொட்டணும். வேலையில மறந்துறாத, புள்ள."

மூடிய குழாய்க்குள் நுளம்பு போய் முட்டையிடாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பியிருக்கமாட்டார். நானும் அப்போது வாதாடுகிற நிலையில் இல்லை.

"நீங்களே கொட்டுங்க மாமா" என்றேன். "கொட்டிப் பூட்டுனதும் ஒரு கப் புதுத் தண்ணி மட்டும் ஊத்திருங்க. நாத்தம் வராது."

"தெனம் புதுத் தண்ணின்னா சரி" என்றார், யோசித்துவிட்டு.

கணவர் வரும்வரை நான் காத்திருக்கவில்லை. கொழுந்தனுக்கு நானே போன் எடுத்து, ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம் என்றேன்.

"ஏன் அண்ணி? மறுபடி ஏதும் சண்டையா?" அவன் குரலில் சந்தேகம்.

"சண்டையெல்லாம் இல்ல, தம்பி. மாமாவுக்கு இங்க தெனமும் வேல இருக்கு."