நாளைக்கொரு தப்பு

சிலேட்டுகளைத் துடைப்பது கன்னியம்மாளின் வேலை. யாரும் வைத்த வேலையல்ல, அவளாக எடுத்துக்கொண்டது. ஏரிக்கரை வேலியில் படர்ந்திருக்கும் கோவைக் கொடியில் ஒரு கை இலை பறித்து வந்து, கசக்கி, சாறு இறங்க இறங்க அழுத்தித் தேய்த்துக் காயவைப்பாள். காய்ந்ததும் புதுசு போலக் கறுத்து நிற்கும். இப்போதெல்லாம் ஒரே ஒரு சிலேட்டுக்குத்தான் வேலை. மற்றவை தூசி ஏறிக் கிடந்தன. இருந்தாலும் எல்லாவற்றையும் தேய்த்தாள்.

"யாரும் தொடாத சிலேட்டுக்கெல்லாம் குளியல் நடக்குது. எங்க ஊட்டுப் பாத்திரத்துக்கு அந்தக் கை வர்றதில்லே," என்றாள் தம்பி பெண்டாட்டி நாகம்மாள்.

"பாத்திரம் காலையிலேயே தேச்சாச்சு நாகு. கண்ணைத் தொறந்து பாரு."

"அது கெடக்கட்டும். உனக்கு இன்னும் ஆனா ஆவன்னாவே முடியலியாக்கா? உன்கூட உக்காந்த கெழவிங்கல்லாம் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாங்க. ஆஸ்பத்திரியில அத்தினி வருசம் இருந்து இன்னாத்தக் கத்துக்கினே?"

கன்னியம்மாள் சிரித்துவிட்டுச் சிலேட்டுகளை அடுக்கினாள்.

ஆஸ்பத்திரியில் கற்றதை அவள் இந்த ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. பட்டணத்துப் பிரசவ வார்டில் ஆயாவாக இருந்தபோது ஒரு நாகர்கோவில் நர்ஸ் அவளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். பிறகு, படுத்திருக்கும் பெண்களுக்கு வீட்டிலிருந்து வரும் கடுதாசிகளைப் படித்துக் காட்டியதே கன்னியம்மாள்தான். வயதாகிவிட்டது என்று நிறுத்தினார்கள். பிள்ளையில்லாத விதவை, திருநின்றவூரில் தம்பி தசரதன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் வார்டில் எந்நேரமும் யாராவது கத்திக்கொண்டோ சிரித்துக்கொண்டோ, புருஷனைத் திட்டிக்கொண்டோ இருப்பார்கள். இங்கே எல்லோரும் விடிந்ததும் கழனிக்குப் போய், திரும்பி வந்து தின்று தூங்கினார்கள். மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா, உலை வைத்தாச்சா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பகல் முழுவதும் அவள் ரயில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தச் சித்திரையில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே காலியாயிற்று. திருநின்றவூரில் மாட்டுக் கொட்டகைக்குக்கூட வாடகை கேட்டார்கள். அப்படி வந்தவள் வடிவு டீச்சர், பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மகன் குடும்பத்தோடு அடுத்த தெருவில், விதைநெல் வைத்திருந்த அறையும் தாழ்வாரமுமாக ஒரு வீட்டைப் பிடித்தாள். வந்த வாரமே, மத்தியானத்தில் வயதான பெண்களை அழைத்து அந்த அறையில் எழுத்துச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

முதல் நாள் ஒருத்தி, "எனக்கு எழுத்துத் தெரியும், சும்மா உக்காந்து பேசிக்கினு இருக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"தெரியாதவங்களுக்கே பாய் பத்தலே. தெரிஞ்சவங்களுக்கு இங்க என்ன வேலை?" என்றாள் டீச்சர்.

பின்னால் நின்றிருந்த கன்னியம்மாள் இதைக் கேட்டாள். தன் முறை வந்ததும், "ஒரு எழுத்தும் தெரியாதுங்க," என்றாள்.

எழுத்து ஒரு சாக்குத்தான். அந்த அறையில் மருமகள்களின் வண்டவாளமும், கீல்வாயு மருந்தும், ஜப்பான் சண்டைச் சேதியும் கலந்து நடந்தன. 'மாமியார்' என்று எழுதச் சொன்னால், கால் போடாமல் 'மமியார்' என்று எழுதி நீட்டுவாள் அங்கம்மா. "மாமியாளுக்குக் கால் எங்கேடி?" என்பாள் டீச்சர். "ஒடிச்சுட்டேம்மா. இனிமே என் ஊட்டுக்கு வரமாட்டா." சிரித்துச் சிரித்துக் கன்னியம்மாளுக்கு வயிறு வலிக்கும். வார்டு திரும்பி வந்ததுபோல் இருக்கும்.

ஆடியில் நடவு தொடங்கியதும் பாதிப் பேர் வருவதை நிறுத்தினார்கள். மற்றவர்கள் கையெழுத்துப் போட வந்ததும் நின்றுகொண்டார்கள். அங்கம்மா மகள் பிரசவத்துக்குக் கொரட்டூர் போனாள். குண்டும் விழவில்லை, ஜனம் பட்டணம் திரும்பிற்று. டீச்சரின் மகனும் பெண்டாட்டி பிள்ளைகளோடு போனான். டீச்சர் மட்டும் இருந்தாள். "அங்கே எனக்குன்னு கீறது மாடிப்படிக்குக் கீழே ஒரு கட்டில். மருமகளுக்கு ஆள் வந்தா புடிக்காது. உனக்கு எழுத்து வந்துட்டா நானும் மூட்டை கட்ட வேண்டியதுதான்," என்றாள் கன்னியம்மாளிடம்.

அன்றிலிருந்து கன்னியம்மாளுக்கு எழுத்து வரவேயில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட இன்று, சிலேட்டுகளோடு போனபோது வாசலில் வண்டி நின்றது. டீச்சரின் மகன் படுக்கையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தான். அறையில் பாய் மட்டும் விரித்தபடி இருந்தது.

"உக்காரு. 'மழை'ன்னு எழுது," என்றாள் டீச்சர்.

கன்னியம்மாள் யோசிப்பதுபோல் பலப்பத்தை உருட்டினாள். 'மளை' என்று எழுதினாள்.

டீச்சர் சிரித்தாள். "நேத்து இந்த ழ-வைச் சரியாப் போட்டே, ண-வைத் தப்பாப் போட்டே. முந்தாநேத்து ண சரி, ற தப்பு. தெரியாதவ ஒரே தப்பைத் திரும்பத் திரும்பப் பண்ணுவா, கன்னியம்மா. நீ நாளைக்கொரு தப்புப் பண்றே. அதுக்கு எல்லா எழுத்தும் தெரிஞ்சிருக்கணும்."

கன்னியம்மாள் பலப்பத்தைக் கீழே வைத்தாள். "எப்போ கண்டுக்கினீங்க?"

"ஆடியிலே."

"இத்தினி நாளா ஏன் சொல்லலே?"

"மகன் வரச்சொல்லி ஆள் அனுப்பறப்பல்லாம், ஒருத்திக்கு இன்னும் எழுத்து வரலேடா, பாதியில உட்டுட்டு வரமுடியாதுன்னு சொல்லியனுப்பிச்சேன்." டீச்சர் வாசல் பக்கம் பார்த்தாள். "இன்னிக்கு அவனே வந்துட்டான். சிலேட்டையெல்லாம் நீயே வெச்சுக்கோ."

ஓட்டின் மேல் மழை சடசடவென்று இறங்கியது.

"வெள்ளிக்கெழமைல நான் ரயிலேறி வரட்டுமா டீச்சரம்மா?" என்று கேட்டாள் கன்னியம்மாள். "மாடிப்படிகிட்ட ஒரு ஓரமா உக்காந்துக்கறேன். காப்பித்தண்ணி கூட வேணாம். கொஞ்சம் பேசிட்டு சாயங்கால வண்டிக்குத் திரும்பிடுவேன்."

டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. மறுபடியும் துடைத்தாள்.

"அம்மா, ரயிலுக்கு நேரமாச்சு!" என்று மகன் வெளியிலிருந்து கூப்பிட்டான்.

டீச்சர் வா என்பாளா என்று கன்னியம்மாள் இன்னும் கொஞ்சம் இருந்து பார்த்தாள். பிறகு சிலேட்டிலிருந்த 'ளை'யைக் கட்டைவிரலால் அழித்தாள். திருத்தி எழுதவில்லை. சிலேட்டுகளை அடுக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வாசல் நிலை தலையில் இடிக்காமல் குனிந்து, அறையை விட்டு வெளியே போனாள்.