சத்தம் குறைந்த தோட்டா

என் அக்கா காவேரி சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் கம்பெனியில் திருகு முடுக்குகிறாள். தலைக்கு மேல் தொங்கும் மின் முடுக்கியை இழுத்துப் போனின் மூலையில் வைத்து அழுத்தினால், எதிரே பச்சை விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் திருகு சரியாக உட்காரவில்லை என்று பொருள். யோசிக்க நேரமில்லை, அடுத்த போன் வந்துகொண்டிருக்கும். உடனே தூக்கி மறுபடி அழுத்த வேண்டும். பல வருடங்களாக இதைச் செய்து செய்து, அவளைக் கேட்காமலே அவள் கை அதைச் செய்துவிடும். அந்தக் கையை நினைத்துத்தான் இப்போது எனக்குப் பயம்.

கம்பெனி விளையாட்டு விழாவில் காற்றுத் துப்பாக்கியால் பலூன் சுடும் போட்டி வைத்தார்கள். அக்கா ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. அதை நடத்த வந்திருந்த ஜோயல் சார் படப்பை தாண்டி ஒரு துப்பாக்கி சுடும் சங்கத்தில் பயிற்சியாளர். "விருப்பம் இருந்தா ஞாயித்துக்கிழமை வாம்மா" என்று கூப்பிட்டார். போனாள். கொஞ்ச நாளில் நிஜத் தோட்டா போடும் சங்கத்து ரைபிளுக்கு மாறினாள்.

"பொட்டப்புள்ளைக்குத் துப்பாக்கி இன்னாத்துக்குடி? யாரச் சுடப் போற?" என்றாள் அம்மா.

"மொதல்ல எங்க சூப்பர்வைசர. அப்புறம் பாக்கலாம்."

எங்கள் ஊர் பிள்ளைப்பாக்கத்திலிருந்து அவளை என் பைக்கில் அழைத்துப் போவது என் வேலை. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். இயற்பியல் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். அவள் பாயில் குப்புறப் படுத்து, ரைபிளின் கட்டையில் கன்னத்தை வைத்துக் குறி பார்க்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து தொலைநோக்கியில் இலக்குத் தாளைப் பார்த்து ஓட்டை எங்கே விழுந்தது என்று சொல்வேன். இதில் அப்படி என்ன இருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன்.

"இங்க யாரும் என்னை அவசரப்படுத்த மாட்டாங்கடா" என்றாள்.

மாவட்டத் தேர்வுப் போட்டிக்கு முன்னால் தோட்டாவுக்குத் தட்டுப்பாடு வந்தது. வழக்கமான தோட்டா கிடைக்கவில்லை. அதற்குப் பதில் மலிவு விலையில் வேறொரு நாட்டுச் சரக்கு வந்து இறங்கியது. பெட்டியில் இருந்த எழுத்தை எங்களில் யாராலும் படிக்க முடியவில்லை.

"இத நம்பி மூஞ்சியப் பக்கத்துல வெக்கலாமா சார்?" என்று ஒருவர் கேட்டார். ஒரகடத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் தென்காசிக்காரர் தளவாய்தான் பதில் சொன்னார். "வெல கொறைச்சல்னா வெடிக்காதுன்னு எவம்லே சொன்னான்? சிவகாசி சரத்துலயே நாலு வெடி புஸ்சுங்கும். அதுக்காவ தீவாளிய நிறுத்திட்டோமா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடினேன். வருடக்கணக்காக மலிவுத் தோட்டாதான் சுடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அடுத்த பக்கத்தில் தோட்டாவின் கிழிந்த பித்தளைக் கூடு ஒன்றின் படம் இருந்தது. அதற்குக் கீழே கட்டுப்போட்ட ஒரு கண். வாயு அழுத்தத்துக்கு உண்டான சூத்திரம் எனக்குத் தெரியும். அக்காவிடம் போகாதே என்று சொல்வதா வேண்டாமா என்பதற்கு அது உதவவில்லை.

அடுத்த ஞாயிறு முதல் பெட்டி ஒழுங்காகவே போனது. ஓட்டைகள் கொஞ்சம் மேலும் கீழுமாகப் பரவின, அவ்வளவுதான். இரண்டாவது பெட்டியில், வழக்கமான 'டப்'புக்குப் பதிலாக 'புஸ்' என்று ஒரு சத்தம். தொலைநோக்கியில் பார்த்தேன்.

"அக்கா, ஓட்டைய காணோம்."

அவள் கை அதற்குள் ரைபிளின் பின்பக்க அடைப்பான போல்ட்டைத் திறந்து காலிக் கூட்டைத் தள்ளிவிட்டு, அடுத்த தோட்டாவைப் போட்டு மூடிவிட்டது. பச்சை விளக்கு எரியவில்லை, மறுபடி அழுத்து. நான் பார்த்தது அதைத்தான்.

"அக்கா, ஓட்டை இல்லக்கா!"

"வெளிய போயிருக்கும், இர்ரா..."

"கைய எடு!" ஜோயல் சாரின் குரல் கூரைத் தகரத்தில் மோதித் திரும்பியது. அக்காவின் விரல் விசையின் மேல் இருந்தது. மெல்ல எடுத்தாள்.

அவர் தோட்டாவை வெளியே எடுத்துவிட்டு, குழலுக்குள் நீளமான கம்பியை விட்டார். பாதியில் நின்றது. முந்தைய தோட்டாவின் ஈயக் குண்டு உள்ளேயே சிக்கியிருந்தது. வெளியே தட்டி எடுத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்தார்.

"இதுக்குப் பின்னாடி அடுத்தது போயிருந்தா?" என்று கேட்டேன்.

"குழல் வீங்கும். நேரம் நல்லா இல்லன்னா பித்தளை கிழிஞ்சு, சூடான வாயு இந்தப் பக்கமா வரும்." அவர் அக்காவின் வலது கண்ணைக் காட்டவில்லை. ஆனால் எல்லோரும் அதைத்தான் பார்த்தோம்.

"அப்ப இந்தச் சரக்கு ஆபத்துதானே சார்?"

"இது கெட்ட சரக்குன்னு நான் சொல்லமாட்டேன் தம்பி. எங்கியாவது ஈரத்துல இருந்திருக்கலாம், மருந்து கொறைவா போட்டிருக்கலாம். ஒசந்த சரக்குலயும் இது வரும், ஆனா அபூர்வம். இதுல அடிக்கடி வரும். சத்தம் மாறுனா விசையிலேருந்து கைய எடுத்து மேல தூக்கணும், நான் வந்து பாப்பேன். சத்தமே வரலன்னாலும் முனைய இலக்குப் பக்கமே வெச்சு, நான் சொல்ற வரைக்கும் போல்ட்டத் தொடக்கூடாது. சில சமயம் லேட்டா வெடிக்கும். சிக்குன மொதல் குண்டு யாரையும் ஒண்ணும் பண்ணாதும்மா. அடுத்தத அவசரமா போடுறோம் பாரு, அதுதான்."

வரும் வழியில் "போட்டிக்குப் போவாதக்கா" என்றேன். "வேற தோட்டா இல்லடா, இதுலதான் சுடணும்" என்றாள் முதுகுக்குப் பின்னாலிருந்து. அவள் கண்ணுக்காகப் பயந்தேனா, அவள் சம்பளம் நின்றால் வீடு என்னாகும் என்று பயந்தேனா என்று அன்று இரவு என்னையே கேட்டுக்கொண்டேன். விடை எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த வாரம் அவள் கம்பெனியிலேயே பயிற்சி எடுத்தாள். விளக்கு எரியாதபோதெல்லாம் கையை எடுத்துவிட்டு ஒரு மூச்சு நின்றாள். போன்கள் குவிந்தன. "இன்னா காவேரி, சாமி வந்துடுச்சா?" என்றாராம் சூப்பர்வைசர். பக்கத்து ஆள் மஞ்சுளா, "வேப்பிலை கொண்டாரவா சார்?" என்றாளாம். அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள். சொல்லும்போது வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

போட்டியில் வெளி ஆள் வாய் திறக்கக் கூடாது. கயிற்றுக்குப் பின்னால் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் தாளில் புது ஓட்டையைத் தேடினேன். அக்கா நன்றாகச் சுட்டுக்கொண்டிருந்தாள். பாதியில் ஒரு சத்தம் கொஞ்சம் மந்தமாக இருந்தது போலத் தோன்ற, கை தூக்கினாள். அதிகாரி வந்து கம்பியை விட்டார். அது தடையில்லாமல் போய் வந்தது. பக்கத்து வரிசைக்காரர், "கம்பெனிப் பொண்ணு பயந்துட்டா" என்று காதில் விழும்படியே சொன்னார். கடிகாரம் ஓடியது.

கடைசிச் சுற்றில் மறுபடி ஒரு மந்தமான சத்தம். பக்கத்தில் இன்னொருவர் அதே நொடியில் சுட்டதால் எனக்குத் தெளிவாகக் கேட்கவில்லை. தாளைப் பார்த்தேன். நடுவில் ஓட்டைகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து ஒரே பொத்தலாகிவிட்டிருந்தன. புதிது விழுந்ததா என்று சொல்ல முடியவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு அவள் வலது கையைப் பார்த்தேன். அது போல்ட்டைத் தொட்டது. அங்கேயே நின்றது. திறந்து, போட்டு, அழுத்தி, மிச்சத்தையும் இதே போக்கில் சுட்டால் அவள் தேர்வாகிவிடுவாள். அந்தக் கைக்கு வேறெதுவும் தெரியாது.

கை போல்ட்டை விட்டு மேலே எழுந்தது.

இந்த முறை கம்பி பாதியில் நின்றது.

அடைப்பை எடுக்க ரைபிளை வெளியே கொண்டுபோனார்கள். கூடுதல் நேரம் கொடுத்தார்கள். ஆனால் திரும்பி வந்து படுத்தவளுக்கு மூச்சு அடங்கவில்லை. மிச்சத் தோட்டாக்கள் கண்டபடி போயின. தேர்வானவர்களில் அவள் பெயர் இல்லை.

சங்கத்தில் அந்தப் பெட்டிகள் இன்னும் இருக்கின்றன. வரும் ஞாயிறும் போகிறாள். போகாதே என்று நான் சொல்வதில்லை, கூடவே போகிறேன். பயம் குறையவில்லை.

போட்டி முடிந்த அன்று பைக்கில் ஏறுவதற்கு முன் ஹெல்மெட்டை என்னிடம் வாங்கினாள். "இன்னாடா அப்படிப் பாக்கிற?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். அவள் வலது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, ரைபிள் கட்டை அழுந்திய தடம் மட்டும் சிவப்பாக இருந்தது.