வதனியின் கப்பலுக்கு ஈயம்

வதனி, என் தங்கச்சி, உன் படத்துக்கு முன்னால் குங்கிலியம் புகைகிறது. வந்திருக்கிறவர்களுக்கு அது சாமியறை வாசம். உனக்கும் எனக்கும் அது கப்பல் வாசம்.

இதை வாசிக்கிற உங்களுக்கு விளக்கமாகச் சொல்ல வேண்டும். நான் எட்டாம் வகுப்போடு சைக்கிள் கடைக்குப் போனவன், எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். குங்கிலியத்தை இடித்து எண்ணெயில் காய்ச்சிப் பூசினால் மரத்துக்குள் தண்ணீர் இறங்காது. எங்கள் கரையில் வள்ளங்களுக்கு அப்படித்தான் பூசுவார்கள். வதனி தன்னுடைய கப்பல்களுக்குப் பூசினாள். முழங்கை நீளக் கப்பல்கள், பாய்மரம், சுக்கான் எல்லாம் வைத்தவை. சாமிக்கு வாங்குகிற குங்கிலியத்தில் பாதி அதற்கே போய்விடும். அம்மா ஏசினால், "சாமி மணந்து பாக்கத்தானே போறார். என்ரை கப்பலுக்கு ஓட்டை அடைக்கோணும்" என்பாள்.

என்னை ஒரே ஒரு நாள் பாய்மரத்தைப் பிடிக்கச் சொன்னாள். இரண்டாக முறித்துக் கொடுத்தேன்.

"அண்ணை, நீ சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போடு, உனக்கு அது காணும்."

சண்டையால் கடலுக்குப் போகத் தடை வந்த பிறகுதான் அவள் இந்த வேலையைத் தொடங்கினாள். அப்பாவின் வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடந்தது. வலை வீட்டுச் சுவரில் தொங்கியது. தலைக்கு மேல் ஹெலிகொப்டர் சுற்றினால் நாங்கள் மண்ணுக்குள் வெட்டிய பங்கருக்குள் ஓடுவோம். எல்லோரும் தேவாரம் சொல்ல, அவள் மடியில் மரத்தை வைத்துச் செதுக்கிக்கொண்டிருப்பாள். மரச்சீவல் எங்கள் தலையெல்லாம் கிடக்கும்.

பக்கத்து வீட்டு அன்னம் மாமி கேட்டார், "கடலுக்கே போகேலாது, உனக்கேனடி கப்பல்?"

"ஆக்கள்தான் போகக் கூடாதாம் மாமி. கப்பலுக்கு ஒருத்தரும் தடை போடேல்லை."

அந்தக் கப்பலின் மரம் மாமியின் வேலியில் நட்டுத் தழைத்து நின்ற முள்முருக்குத் தடி, கதியால். மாமிக்கு அது உடனே தெரியவில்லை. கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டு, "உதென்ன, என்ரை வேலியோ?" என்றார்.

"ஓம் மாமி. உங்கடை வேலி கடலுக்குப் போகப் போகுது."

மாமி விளக்குமாறோடு துரத்தினார். ஆனால் கோயில் கேணியில் கப்பலை விட்ட அன்று முதல் ஆளாக வந்து நின்றவரும் அவர்தான். விட்டதும் கப்பல் சரிந்து படுத்துவிட்டது. "வடிவாய் நித்திரை கொள்ளுது" என்றார் மாமி. கேணியடியே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அடியில் பாரம் இல்லை, அதுதான் குறை. வதனி அப்பாவிடம் போனாள்.

"அப்பா, வலையிலையிருந்து கொஞ்ச ஈயக்குண்டு கழட்டித் தாங்கோவன்."

அப்பா எங்களை ஏசாத மனிதர். அன்று ஏசினார். "வலையிலை கை வைக்காதை! நாளைக்குக் கடல் திறந்தா நான் என்னத்தோடை போறது?"

அவள் அழவில்லை. வீட்டு வளவில் விழுந்து வெடித்த செல் குண்டின் இரும்புத் துண்டுகளைப் பொறுக்கினாள், கம்பியால் கப்பலின் அடியில் கட்டினாள், திரும்பவும் கேணிக்குப் போனாள். கப்பல் நிமிர்ந்து நின்றது. காற்று வந்து பாயைத் தள்ள, மற்றக் கரைக்கே போனது.

"எங்களைக் கொல்ல வந்த இரும்பு, எங்கடை கப்பலைத் தூக்கிப் பிடிக்குது. பாத்தியே அண்ணை?"

பிறகு எத்தனையோ கப்பல். செல் துண்டுகளை ஒரு பால்மாத் தகரப் பேணியில் சேர்த்து வைத்தாள். கடைசிக் கப்பலுக்கு இரண்டு பாய்மரம், அப்பாவின் பழைய வேட்டியில் பாய். பாரம் கட்டுவதும் எண்ணெய் பூசுவதும்தான் மிச்சம். அந்த எண்ணெய் வாங்கச் சங்கக்கடைக்குப் போனாள். வழியில் செல் விழுந்தது. அவ்வளவுதான். அதற்கு மேல் என்னால் எழுத ஏலாது.

இன்றைக்கு மாமி சொன்னார், "கப்பலைப் படத்துக்குப் பக்கத்திலை வையன் தம்பி, வடிவாயிருக்கும்."

"இல்லை மாமி. உது வைக்கிற கப்பல் இல்லை. போற கப்பல்."

சொல்லிவிட்டேன், முடிக்க வேண்டுமே. பேணியைத் திறந்தேன். துண்டொன்றைக் கையில் எடுத்தேன். கட்ட முடியவில்லை. அவள் கட்டியிருப்பாள், சிரித்துக்கொண்டே கட்டியிருப்பாள். எனக்கு ஏலவில்லை.

அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்துபோய் வலையை இறக்கினார். மடியில் போட்டு, கத்தியால் ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாக அறுத்தார்.

"பிள்ளையின்ரை கப்பலுக்கு உந்த இரும்பு வேண்டாம்."

"கடல் திறந்தா, அப்பா?"

"திறக்கட்டும். வேறை ஈயம் கட்டிக்கொண்டு போவன். போகாமல் விடுவனே?"

அவர் கட்ட, நான் கப்பலைப் பிடித்தேன். இந்த முறை ஒன்றும் முறியவில்லை.

விடிய வள்ளங்கள் வரும்போது கரையில் எழும்பும் கூச்சல் இப்போது இல்லை. மீன் விலைக்குச் சண்டை பிடிக்கிற பெண்கள் இல்லை, கரை முழுக்க மணக்கும் எண்ணெய் இல்லை. பங்கருக்குள் மரச்சீவலும் இல்லை. மாமியின் வேலியில் கதியால் பிடுங்கிய இடைவெளி மட்டும் அப்படியே இருக்கிறது. அதை அடைக்கப் போனேன். "விடு, கிடக்கட்டும்" என்றார் மாமி.

முப்பத்தோராம் நாள் கிரியை, அந்தியேட்டி அன்று கப்பலைக் கேணியில் விட மாட்டோம். எண்ணெயும் பூசிக் கடலில் விடுவோம். யாரும் மறித்தால், கப்பலுக்குத் தடை இல்லை என்று சொல்வேன். நீங்கள் கரைக்கு வர வேண்டாம், அங்கே பயம். ஆனால் அன்று காலை எங்கே இருந்தாலும், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராக இருந்தாலும், என் தங்கச்சி வதனிக்காக எல்லோரும் ஒருமுறை கும்பிடுங்கள்.