ஹோரா சோம்னி என்றால் எப்போது?

கம்பவுண்டர் வேலை மருந்து கலக்கும் வேலை என்று நம்பித்தான் நீங்களும் சேர்ந்திருப்பீர்கள். முதல் மருந்துச்சீட்டைப் பார்த்ததும் என்னைப்போல உங்களுக்கும் வியர்த்திருக்கும். தங்கவயல் ஆஸ்பத்திரியில் சீசா கழுவிக்கொண்டிருந்த என்னைக் கம்பவுண்டராக்கிப் பார்க்க வெள்ளைக்கார டாக்டர் துரை சம்மதித்தார். கிறிஸ்துமஸுக்குள் சீட்டில் உள்ள லத்தீனை நானே படித்தாக வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி சீசாதான். இதற்குள் கம்பவுண்டர் மாப்பிள்ளை என்று நம்பி, ஊரிகம் லைன் வீட்டிலிருந்த சுரங்கத் தொழிலாளி முனுசாமி மாமா தன் பெண்ணை எனக்குப் பேசி முடித்துவிட்டார். சீசா கழுவுகிறவனுக்கு அவர் பூனைக்குட்டிகூடக் கொடுக்கமாட்டார்.

கோயில் ராகம்

கூட வேலை பார்த்த கம்பவுண்டர் ஆரோக்கியசாமி அண்ணனுக்கு லத்தீன் வந்தது மாதா கோயிலில், பூசைக்குப் பதில் சொல்லிச் சொல்லி. அதனால் ராகம் போடாமல் அவருக்குச் சீட்டுப் படிக்க வராது. ‘மிஸ்தூரா, திங்க்தூரா’ என்று அவர் இழுக்க, நான் பின்பாட்டுப் பாடுவேன். ஒருநாள் ஜன்னலுக்கு வெளியே மருந்துக்கு நின்ற அம்மாள் ஒருத்தி முக்காடு போட்டுக்கொண்டு முழங்காலில் நின்றுவிட்டாள். நாங்கள் வாயை மூடியதும் எட்டிப் பார்த்துக் கேட்டாள்: "பூசை முடிஞ்சிதா சாமி? இருமலுக்கு இன்னா தரீங்க?"

ஆட்

ஒரு சீட்டில் ‘அக்வா ஆட்’ என்று இருந்தது. அக்வா தண்ணீர் என்பது தெரியும். ‘ஆட்’ நமக்குத் தெரிந்த இங்கிலீஷ்தானே, ‘சேர்’ என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு, மருந்து ஊற்றிய சீசாவில் எழுதியிருந்த அளவுத் தண்ணீரையும் ஊற்றினேன். சீசா வழிந்து, மேஜை வழிந்து, அண்ணன் வேட்டியில் சிவப்பாய் இறங்கியது. லத்தீனில் அது ‘வரைக்கும்’. எல்லாம் சேர்ந்தே அந்த அளவு வரைக்கும்தான் இருக்க வேண்டுமாம். அண்ணன் வேட்டியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "அரைகுறையா இங்கிலீஷ் படிச்சவனுக்கு லத்தீன் ஏறாது தம்பி, வழியும்."

யாருடைய ராத்திரி?

‘ஹோரா சோம்னி’ என்று வந்தால் ராத்திரி குடிக்கச் சொல் என்று அண்ணன் சொல்லியிருந்தார். பரீட்சை நாளன்று துரை என் பக்கத்திலேயே நின்றார். சீட்டோடு வந்தது யார் என்கிறீர்கள்? முனுசாமி மாமா! தூக்கம் வராமல் தவித்து, தூக்கமருந்துக்குச் சீட்டு வாங்கியிருந்தார். கடைசி வரியில் ஹோரா சோம்னி. ‘ராத்திரி’ என்று வாய் வரை வந்துவிட்டது. மாமாவுக்கோ சுரங்கத்தில் ராத்திரி ஷிப்டு. அதைக் குடித்துவிட்டுக் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கி, கீழே ஏணியில் ஒரு நொடி கண் அசந்தால் ஆள் கிடைக்கமாட்டார். ஹோரா நேரம், சோம்னி தூக்கம்; இதில் ராத்திரி எங்கே இருக்கிறது?

"மாமா, நீங்க எப்ப தூங்குவீங்க?" என்று கேட்டேன்.

சுரங்கத்துக்குள் வேலை நேரத்தில் தூங்குவதைத்தான் கேட்கிறேன் என்று நினைத்து, மாமா துரையைப் பார்த்து வெலவெலத்துப் போனார். "லெவல்ல நான் ஒருநாளும் தூங்குனதில்ல தொரை!"

அவருக்குத் தூங்கும் நேரம் விடிந்து, மேலே ஏறி வந்து, சோறு தின்ற பிறகுதான் என்று துரைக்கு இங்கிலீஷில் சொன்னேன். துரை சீட்டையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் தோளைத் தட்டி, பாஸ் என்றார். சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெளியே மாமா சீசாவை மடியில் கட்டிக்கொண்டு கடுகடுவென்று நின்றார்: "பொண்ணக் குடுக்கறேன் மாப்ள, ஆனா நான் தூங்கற சமாச்சாரத்த இன்னொரு தபா தொரைகிட்ட எடுத்தின்னா பாரு!"

ஆக, செத்த மொழி என்று படித்தவர்கள் சொல்லும் லத்தீன் எனக்கு உத்தியோகமும் பெண்சாதியும் வாங்கிக் கொடுத்து, மாமனாரை மட்டும் ஆயுசுக்கும் என்மேல் சந்தேகப்பட வைத்துவிட்டது.